சுமோ பாஷோவை வெளிநாட்டிலிருந்து ஒழுங்காகப் பின்தொடர்வது எப்படி?

ஈரக்களம்:
ஜப்பானின் என்ஹெச்கே வேர்ல்டு தொலைக்காட்சியில் பாஷோவின் (15 நாள் சுமோ போட்டித்தொடர்) தினசரித் தொகுப்பு பார்க்கிறேன். உச்சப் பதவியான யோக்கோசுனா, அதற்கடுத்த ஓசெகி வரை தெரியும். சில கேள்விகள். முழுதாகப் பார்க்க நம்மூர் நேரப்படி எப்போது உட்கார வேண்டும்? கோப்பைக்குச் சம்பந்தமே இல்லாத இருவர் 7-7 (7 வெற்றி, 7 தோல்வி) என்ற கணக்கோடு கடைசி நாளில் வந்தால் அரங்கம் ஏன் அப்படி அதிர்கிறது? யாரோடு யார் மோத வேண்டும் என்று முடிவு செய்வது யார்? சில இருவர் 15 நாளும் சந்திப்பதே இல்லையே?

உப்புக்கை:
நேரத்தை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஆறு பாஷோ, ஒற்றைப்படை மாதங்களில். ஜனவரி, மே, செப்டம்பர் டோக்கியோவில். மார்ச் ஒசாகா, ஜூலை நகோயா, நவம்பர் ஃபுகுவோகா. ஞாயிறு தொடங்கி ஞாயிறு முடியும்.

மேல் பிரிவான மகுவுச்சி வீரர்கள் ஜப்பான் நேரம் 15:40 வாக்கில் மேடையேறுவார்கள், 18:00 மணியோடு கடைசிப் போட்டி முடியும். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மூன்றரை மணி நேரம் கழித்தால் 12:10 முதல் 14:30 வரை. சிங்கப்பூர், கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். டொராண்டோவில் கடைசிப் போட்டி கோடையில் விடிகாலை 5:00, குளிர்காலத்தில் 4:00. பரிசளிப்பு இருப்பதால் 15ஆம் நாள் மட்டும் எல்லாமே சுமார் அரை மணி முன்னால் நகரும். வழக்கமான நேரத்துக்கு வந்து உட்காருபவர்கள் அன்றைக்கு ஏமாறுவது இதனால்தான்.

தொகுப்பு மோசமில்லை, மகுவுச்சிப் போட்டி எல்லாம் அரை மணிக்குள் வந்துவிடும். ஆனால் மோதலுக்கு முந்தைய நான்கு நிமிடம் வெட்டப்பட்டுவிடும். உப்பு வீசி, குந்தி, முறைத்து, திரும்பப் போகும் அந்த நேரத்தில்தான் யாருடைய முழங்கால் வலிக்கிறது, யார் அவசரப்படுகிறார் என்பது தெரியும். சில நாட்களில் என்ஹெச்கே வேர்ல்டே கடைசிப் பகுதியை நேரலையாகத் தருகிறது. அந்த நாட்களையாவது விடாதீர்கள். மாலையில் முடிவு தெரியாமல் பார்க்க நினைத்தால் ஜப்பான் சுமோ சங்கத்தின் இணையதளம், யூடியூப் முகப்பு இரண்டையும் அதுவரை திறக்காதீர்கள்.

பின்வரிசை:
கோப்பையைக் கொஞ்சம் மறந்துட்டு எட்டைப் பாருங்க. 15ல 8 ஜெயிச்சா கச்சிகோஷி, அடுத்த பன்சுகேல (தரவரிசைப் பட்டியல்) ஏற்றம். 8 தோத்தா மாகேகோஷி, இறக்கம். 7-7ல நிக்கிற ஆளுக்கு அந்த ஒரு மோதல்தான் மேலயா கீழயான்னு தீர்மானிக்குது.

எவ்வளவு ஏறுவார்னு கணிக்க ஒரு தோராயக் கணக்கு: வெற்றியிலிருந்து தோல்வியைக் கழிங்க, கிட்டத்தட்ட அத்தனை படி. மகுவுச்சியோட சாதாரண வரிசையான மயேகாஷிராவுல 10ஆம் படியில இருக்கிறவர் 10-5 எடுத்தா 5ஆம் படி பக்கம் வருவார். இது பல தடவை பிசகும், ஏன்னா மேல இடம் காலியாகணும். ஓசெகிக்குக் கீழே செகிவாகே, அதுக்கும் கீழே கொமுசுபி, இந்த ரெண்டு பதவியிலயும் வழக்கமா ரெண்டு ரெண்டு பேர்தான். செகிவாகே ரெண்டு பேரும் 8 தாண்டிட்டா, கொமுசுபி 9 எடுத்தும் அதே இடத்துல நிப்பார்.

நிஜமான உயிர்ப்போராட்டம் இன்னும் கீழே. மகுவுச்சி 42, அதுக்குக் கீழே ஜுர்யோ பிரிவுல 28, ஆக 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். அடுத்த பிரிவு மகுஷிதால 120 பேர், அவங்களுக்குச் சம்பளம் கிடையாது, பாஷோவுக்குப் பாஷோ ஒரு படிப்பணம். அவங்க மோதுறதும் 15 நாளில் 7 தடவைதான், 4 ஜெயிச்சா கச்சிகோஷி. ரெண்டாவது வாரத்துல ஜுர்யோ அடிமட்டமும் மகுஷிதா உச்சியும் மோதுற போட்டிகளைத் தேடிப் பாருங்க. கோப்பைப் போட்டியைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஓசெகிக்கு வேற சட்டம்: ஒரு மாகேகோஷியில பதவி போகாது, அடுத்தடுத்து ரெண்டு வந்தாதான் போகும். போன உடனே அடுத்த பாஷோல 10 ஜெயிச்சா திரும்பக் கிடைக்கும். ஓசெகி ஆகணும்னா மூணு பாஷோல 33 வெற்றி வேணும்.

மேற்குவாசல்:
33 சட்டமல்ல, வழக்கம். அசானோயாமா 2020ல் 32 வெற்றியோடு ஓசெகி ஆனார். மேலிருப்பவர்கள் எத்தனை பேர், கடைசி பாஷோவில் எப்படி ஆடினார் என்பதெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். யாரோடு யார் என்ற தொரிகுமியைத் தீர்ப்பாளர் குழு முந்தைய நாளே போடும். 42 பேர், 15 நாள் என்பதால் எல்லாரும் எல்லாரையும் சந்திக்க முடியாது. உச்சியில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் கட்டாயம் மோதுவார்கள், யோக்கோசுனா-ஓசெகி மோதல்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக்கு. கீழ்ப்படியில் உள்ள ஒருவர் 10-1 என்று ஓட ஆரம்பித்தால் அவரை மேலே இழுத்துப் பெரிய தலைகளோடு விடுவார்கள். 2024 மார்ச்சில் தகேருஃபுஜி, மகுவுச்சிக்கு வந்த முதல் பாஷோவிலேயே கோப்பை வென்றபோது இதுதான் நடந்தது. 110 ஆண்டுகளில் அப்படி முதல் தடவை.

ஒரே ஹேயாவை (வீரர்கள் தங்கிப் பயிலும் கூடம்) சேர்ந்தவர்கள் மோதமாட்டார்கள், உடன்பிறந்தவர்களும் அப்படியே. ஆக வலுவான ஹேயாவில் இருப்பவருக்குக் கடினமான எதிராளி ஓரிருவர் குறைவு. கடைசியில் சம வெற்றியோடு நிற்பவர்கள் கோப்பைக்காக மோதும் சமநிலை முறிப்பில் மட்டும் இந்த விலக்கு செல்லாது. அங்கே ஹேயா பார்ப்பதில்லை. 2025 ஜனவரியில் ஹோஷோர்யு, கின்போசான், ஓஹோ மூவரும் 12-3ல் நின்று மும்முனை முறிப்பு நடந்ததைத் தேடிப் பாருங்கள். தொடர்ந்து இருவரை வீழ்த்தினால்தான் கோப்பை.

ஈரக்களம்:
நன்றி. இன்னொன்று: காயத்தோடு விலகினால்?

பின்வரிசை:
அது கியூஜோ. வராத நாளெல்லாம் தோல்விக் கணக்கு, அன்னிக்கு ஜோடியா இருந்தவருக்கு மோதாமலே ஒரு வெற்றி. மேடையில பட்ட காயத்துக்குப் படி இறங்காம விட்ட பழைய சலுகை 2003ஓட முடிஞ்சிடுச்சு. அதனாலதான் ஆறாத முழங்காலோட வந்து நிக்கிறாங்க. தெருனோஃபுஜி ஓசெகியா இருந்து காயத்தால இறங்கி, 2019 மார்ச்சில் கீழிருந்து ரெண்டாவது பிரிவான ஜோனிதானுக்கே போய், 2021ல் யோக்கோசுனா ஆனார். யோக்கோசுனாவை மட்டும் இறக்க முடியாது, ஆட முடியலைன்னா ஓய்வுதான்.

உப்புக்கை:
புதிய பன்சுகே, வழக்கமாகப் பாஷோ தொடங்குவதற்கு 13 நாள் முன்னால், திங்கட்கிழமை வெளியாகும். ஜுர்யோவுக்குப் புதிதாக ஏறுபவர்கள் பெயர் மட்டும் முந்தைய பாஷோ முடிந்த புதன்கிழமையே தெரிந்துவிடும். பின்வரிசை சொன்ன கழித்தல் கணக்கைப் போட்டு, திங்கள் வருமுன் உங்கள் பட்டியலை எழுதிவைத்து ஒப்பிடுங்கள்.