லீஃபில் ஓபிடி அடப்டரை எந்நேரமும் செருகியே வைக்கலாமா?

சுன்னாகம்_லீஃப்:
வணக்கம். என்னுடையது 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 கிலோவாட்-மணி பற்றரி. லீஃப் ஸ்பை என்ற போன் அப்பில் செல் வோல்டேஜ் பார்க்கவென்று ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினித் தகவலை வாசிக்கும் ஓபிடி சொக்கெட்டில் மலிவான புளூடூத் அடப்டர் ஒன்றைச் செருகினேன், பிறகு கழற்றவே இல்லை. தினமும் ஓடியதால் ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்பு போய் 12 நாள் நின்றோம். வந்து பார்த்தால் ரிமோட்டுக்குக் கதவே திறக்கவில்லை, ரிமோட்டுக்குள்ளே செருகியிருக்கும் சாவியால் திறந்தேன். போகும்போது காரை ஓட்டும் பெரிய பற்றரியில் 70 சதவீதம் இருந்தது. 12 வோல்ட் பற்றரியில் 9.4தான் காட்டியது. அது போட்டு மூன்று வருஷம். மறுநாள் அம்மாவை ஓட்டோவில்தான் கிளினிக்குக் கொண்டுபோனேன். அடப்டர் காரணமா, பற்றரிக்கு வயதாகிவிட்டதா?

வயரிங்_அண்ணை:
தம்பி, அம்மாவுக்கு இப்போது சுகம்தானே? இரண்டும் சேர்ந்த வேலைதான் இது. அந்த சொக்கெட்டின் 16ஆம் பின்னுக்கு 12 வோல்ட் பற்றரியிலிருந்து நேரே மின் வருகிறது, காரை ஓஃப் பண்ணினாலும் நிற்காது. மலிவான அடப்டர்கள் சும்மா இருக்கும்போதே 40, 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். 45 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.1 ஆம்பியர்-மணி, 12 நாளில் 13. காரின் சொந்தச் செலவு வேறு. புதுப் பற்றரி தாங்கியிருக்கும்.

அடப்டரோடு அப் பேசிக்கொண்டே இருந்தால் காரின் கணினிகள் தூங்காது, அப்போது இழுவை பல மடங்காகும். ஆனால் உங்கள் போன் கொழும்பில் இருந்ததால் அது இங்கே இல்லை.

பெரிய பற்றரியைக் காரோடு இணைக்கும் ரிலே மூடவே 12 வோல்ட் வேண்டும். அது மூடினால்தான் பெரியது சின்னதைச் சார்ஜ் பண்ணும். அதனால்தான் 70 சதவீதம் இருந்தும் உதவவில்லை. இன்னொரு 12 வோல்ட் பற்றரியைக் கோத்து, கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கை வரவையுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, பெரிய கரண்ட் கேட்காது. 9.4 வரை இறங்கிய பற்றரியைச் சார்ஜ் பண்ணிய பிறகு கட்டாயம் டெஸ்ட் பண்ணுங்கள்.

பச்சை_வண்டி:
நான் செருகியேதான் வைத்திருக்கிறேன், ஆனால் கார் நின்றதும் தானாகத் தூங்கும் வகை. விலை கூட. கரண்டைவிட எனக்குப் பயம் வேறு. மலிவானவற்றில் புளூடூத் கடவு எண் 1234, வைஃபை வகையில் பலதுக்கு அதுவும் இல்லை. பக்கத்தில் நிற்கும் யாரும் உங்கள் காரோடு பேசலாம். வீதியில் நிறுத்துகிறவர்கள் கழற்றிவிடுவது நல்லது.

சுன்னாகம்_லீஃப்:
நன்றி அண்ணை, அம்மா நல்ல சுகம், பேப்பர் வாசிக்கிறா. அடப்டரைத் தனியாக ஒரு பற்றரியில் கோத்து மீட்டர் வைத்தோம்: 47 மில்லி ஆம்பியர், போன் இணையாமலே. பற்றரி டெஸ்டில் தேறவில்லை, புதிது போட்டாயிற்று. கடவு எண் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பார்த்தேன், 1234தான். சுவிட்ச் வைத்த நீட்டிப்பு வயர் வாங்கலாமென்று நினைத்தேன், ஆனால் ஓஃப் பண்ண மறந்தால் பழைய கதைதான். அப்புறம் அடப்டரைக் கழற்றி டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரயருக்குக் காற்றுப் பார்க்கும்போது செருகி, பெரிய பற்றரியின் 96 செல் ஜோடியையும் பார்த்துவிட்டுக் கழற்றுகிறேன்.