படிப்பை நிறுத்திய பையன்கள்: மாலை மையத்தில் எதை முதலில் தொடங்குவது?

காசிமேடு_மாலைமையம் கேட்டது:
வணக்கம். காசிமேட்டில் ஒரு சமுதாயக் கூடம் மாலை 6 முதல் 9 வரை கிடைத்திருக்கிறது. 15 முதல் 20 வயது வரை இருபது பையன்கள். பாதிப்பேர் ஒன்பதாவதோடு நின்றவர்கள், சிலர் பத்தாவதில் ஒன்றிரண்டு பாடம் போனவர்கள். மூன்று பேர் மேல் வழக்கு இருந்தது, அதில் இரண்டு பேருக்கு அப்போது 18 ஆகவில்லை. வலி மாத்திரை பழக்கமும் உண்டு. ஒரு நன்கொடையாளர் பத்து கம்ப்யூட்டர் தருகிறேன் என்கிறார். ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் வைத்தால் பலன் இருக்குமா? கவுன்சலிங்குக்கு யாரை, எப்படி வைப்பது? பையன்களை ஒருநாள் ஜெயிலுக்கு அழைத்துப்போய்க் காட்டலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். அதுவும் சரியா?

தனித்தேர்வர்_வழிகாட்டி:
கம்ப்யூட்டரை இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். சான்றிதழ் இல்லாத பையனுக்கு டைப்பிங் தெரிந்து என்ன பயன்?

முதல் வாரம் ஆளுக்கு ஒரு தாள் போடுங்கள். பிறந்த தேதி, கடைசியாகத் தேறிய வகுப்பு, டிசி யார் கையில். ஒன்பதாவதில் நின்ற பலருக்கு டிசி இன்னும் பள்ளியிலேயே கிடக்கும், முதலில் அதை வாங்குங்கள். எட்டாவது தேர்ச்சி அதில் இருந்தால் போதும், எட்டாவதைத் தனியாக எழுத வைத்து ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். அந்த டிசியோடு அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) வெல்டர் (1 ஆண்டு), வயர்மேன் (2 ஆண்டு) போன்ற பிரிவுகளில் நேராகச் சேரலாம். பிட்டர், எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது வேண்டும்.

பலருக்கும் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. எட்டாவது முடித்து இரண்டு ஆண்டு ஐடிஐ தேறியவர், பத்தாவதில் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாள் மட்டும் தனித்தேர்வராக (பள்ளியில் சேராமல்) எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று கிடைக்கும். கணக்கைக் கண்டு ஓடுகிற பையனுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒரு வருட வெல்டர் இதற்குப் போதாது, சேரும்போதே யோசித்துப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

நேரடியாகப் பத்தாவது எழுதுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அறிவியலில்தான். செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டும், 80 சதவீத வருகையும் வேண்டும். எழுத்துத் தேர்வில் 75-க்கு 20, செய்முறையில் 25-க்கு 15 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். பதிவுத் தேதியைத் தவறவிட்டுவிட்டு வருடம் முழுக்கப் படித்துக்கொண்டிருப்பது வழக்கமான கூத்து.

கூலி வேலையால் தேர்வு மாதத்தில் நிச்சயமாக இருக்க முடியாதவர்களுக்கு என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பாருங்கள். ஐந்து பாடம், ஐந்து ஆண்டு அவகாசம், ஒன்பது வாய்ப்பு. பாடம் பாடமாக முடிக்கலாம். பழைய பத்தாவதில் தேறிய பாடம் இருந்தால் இரண்டு வரை மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஆதாரில் ஒரு பிறந்த தேதி, டிசியில் வேறொன்று என்பது இந்தப் பகுதிகளில் சாதாரணம். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த விடுவார்கள். அவசரப்பட்டு ஏதோ ஒரு தேதிக்கு மாற்றிவிடாமல் டிசியில் உள்ளபடியே மாற்றுங்கள்.

பட்டறை_பயிற்றுநர்:
மேலே சொன்னதில் ஒரு சேர்க்கை. ஐடிஐ பகல் நேரப் படிப்பு. அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தகுதி உண்டா என்று பார்க்கலாம். இருந்தும் வீட்டுக்குத் தினக்கூலி கொண்டுவரும் பையன் இரண்டாவது மாதம் காணாமல் போவான். சேர்க்கும் முன்பு அம்மாவை உட்காரவைத்து, 'இவன் வருமானம் நின்றால் எது தடைப்படும்? வாடகையா, வட்டியா?' என்று கேளுங்கள். பதில் வட்டி என்றால் அவனுக்கு ஐடிஐ வேண்டாம், தொழில் பழகுநராக (அப்ரன்டிஸ்) அனுப்புங்கள். அங்கே மாதாமாதம் உதவித்தொகை வரும், அதில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. அதனால் சிறிய கம்பெனியிடமும் தயங்காமல் பேசலாம்.

கூடத்திலேயே பட்டறை போட ஆசைப்பட்டால் எட்டுப் பேருக்கு மேல் ஒரு தொகுதியில் எடுக்காதீர்கள், அவர்களுக்கு இரண்டு வெல்டிங் இன்வெர்ட்டர் வேண்டும். 3.15 மி.மீ. வெல்டிங் ராடு ஒன்று ஓரிரு நிமிடத்தில் எரிந்துவிடும், ஆகவே மிஷினைவிட ராடுக்கும் தகட்டுக்கும்தான் தொடர்ந்து பணம் போகும். நன்கொடை கேட்கும்போது இதைச் சேர்த்துக் கேளுங்கள். முதல் வாரமே ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இரவில் கண்ணில் மண் விழுந்த மாதிரி எரிகிறது என்று வருவான், அடுத்த நாள் வரமாட்டான். ஹெல்மெட் எட்டுக்கு எட்டு இருக்க வேண்டும், சுற்றி நிற்பவனுக்கும் சேர்த்து.

டிரைவர் வேலைக்குப் போகிறேன் என்பவர்களுக்கு: 2019-க்குப் பிறகு கனரக உரிமத்துக்கு எட்டாவது தேர்ச்சி கட்டாயமில்லை. ஆனால் 20 வயது நிரம்ப வேண்டும்.

14 முதல் 18 வரை உள்ளவர்களைப் பட்டாசு, எரிபொருள், ஆபத்தான தொழிற்சாலை வேலைகளில் வைப்பது 2016 திருத்தச் சட்டப்படி குற்றம். 'பயிற்சி' என்று பெயர் வைத்து அனுப்பினால் உங்கள் தலையில்தான் விழும்.

ஆற்றுப்படுத்துநர்:
ஜெயில் காட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1970-களில் நியூஜெர்சி ராவே சிறையில் இதைப் பெரிதாகச் செய்தார்கள். இந்த வகைத் திட்டங்களுக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போனவர்களே பிறகு அதிகம் குற்றத்தில் சிக்கியது தெரிந்தது. வழக்கு உள்ள மூன்று பேரையும் ஒரே குழுவாக உட்காரவைப்பதும் வேண்டாம், ஒருவனை ஒருவன் ஏற்றிவிடுவான். ஆளுக்கொரு தொகுதியில் கலந்து விடுங்கள்.

வழக்கு இருந்தபோது 18 ஆகாத இரண்டு பேருக்கும் நிம்மதியான செய்தி உண்டு. 2015 சிறார் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி அந்த வழக்கால் அவர்களுக்குத் தகுதியிழப்பு கிடையாது (கொடுங்குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டவர் நீங்கலாக). 74-ஆம் பிரிவின்படி, முடிந்துபோன வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியிடக் கூடாது. வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் இதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்.

கவுன்சலிங் என்று போர்டு மாட்டினால் யாரும் வரமாட்டான். சமூகப்பணியோ உளவியலோ படித்த ஒருவர் வாரம் இரண்டு மாலை கேரம் போர்டு பக்கத்திலோ வாசல்படியிலோ இருக்கட்டும். முதல் பேச்சு 20 நிமிடம் போதும், அப்பா அறைக்குள் வேண்டாம். 'ஏன் மாத்திரை போடுறே?' என்று கேட்காமல், 'நேத்து காலையிலிருந்து என்ன செஞ்சே?' என்று கேளுங்கள். பழக்கம் எந்த மணிக்கு, யாரோடு என்பது தானாக வரும்.

தொடங்கும்போதே எல்லையைச் சொல்லிவிட வேண்டும்: 'நீ சொல்றது என்னோட இருக்கும். உயிருக்கு ஆபத்து, 18 வயசுக்குக் கீழே உள்ளவங்க மேல பாலியல் குற்றம், இது ரெண்டு மட்டும் நான் சொல்லியே ஆகணும்.' போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவின்படி தகவல் தெரிந்தால் சொல்லியாக வேண்டும், 21-ஆம் பிரிவின்படி சொல்லாமல் இருப்பதே குற்றம். 17 வயதுப் பெண்ணோடு காதல் என்று ஒருவன் உளறிய பிறகு இதை விளக்கினால் நம்பிக்கை போய்விடும். வருகைப் பதிவேட்டில் மாத்திரை, வழக்கு எதுவும் எழுதாதீர்கள். அதற்கு வேறு நோட்டு, பெயருக்குப் பதில் எண், பூட்டிய பீரோ.

மாத்திரையை மையத்திலேயே நிறுத்தவைக்கவும் கூடாது. டாபென்டடால் வகை வலி மாத்திரையைத் திடீரென்று விட்டால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று படுத்தி, தாங்காமல் மறுபடி போடுவான். இடையில் விட்டுவிட்டுப் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு முதல் முறை நீங்களே கூட்டிப் போங்கள், சீட்டு எழுதிக் கொடுத்தால் போகமாட்டான். தொலைபேசியில் கேட்க 14446 (போதை மீட்பு), 14416 (மனநலம்), 1098 (சிறார்).

காசிமேடு_மாலைமையம்:
மிக்க நன்றி. கம்ப்யூட்டரை இரண்டாகக் குறைத்துவிட்டு மீதிப் பணத்துக்கு ஹெல்மெட், ராடு கேட்கிறேன். இன்னொரு சிக்கல், துறைமுகத்தில் மீன் ஏலக் கூடை தூக்கப் போகும் பையன்கள் விடியற்காலையிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். மாலை 7 மணிக்கு உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள்.

பட்டறை_பயிற்றுநர்:
அவர்களை மட்டும் பகல் 12 முதல் 2 வரை பிரித்து எடுங்கள், கூடம் கிடைக்காவிட்டால் கோயில் மண்டபமோ சர்ச் ஹாலோ கேட்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், 61 நாள். அப்போது கையில் நேரம் இருக்கும், காசு இருக்காது. மற்ற மாதங்களில் எழுத்துப் பாடம் மட்டும் நடத்திவிட்டு, பட்டறைப் பயிற்சியை அந்த 61 நாளில் அடுக்குங்கள். தினம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இப்போதே நன்கொடையாளரிடம் பேசி வையுங்கள்.