இரண்டுமே சிவப்பு ரயில்: இத்தாலியில் மாறி ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்
அம்மாவை ரோமுக்குக் கூட்டிப் போனேன். புனித பேதுரு பேராலயத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்து ஆசை. அது நல்லபடியாக நடந்தது. மறுநாள் ரோமின் டெர்மினி நிலையத்திலிருந்து புளோரன்ஸ். ஃபிரெச்சாரோசா, இத்தாலோ என்று இரண்டு கம்பெனிகளின் விரைவு ரயில்கள், இரண்டும் சிவப்புதான், போனவர்களுக்குத் தெரியும். அவசரத்தில் நான் நிறத்தை மட்டும் பார்த்து ஏறிவிட்டேன். பெட்டி எண், இருக்கை எண் எல்லாம் சரியாக இருந்தன. ரயில் நகர்ந்த பிறகு ஒரு பெண் வந்து கைப்பேசியைக் காட்டினார், அதே இருக்கை. பரிசோதகர் எங்கள் டிக்கெட்டைப் பார்த்து, "இது வேறு கம்பெனி" என்றார். முழு விலைக்குப் புது டிக்கெட் எடுத்தேன்.

பணம் போகட்டும். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. அதற்குள் அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் போய் நின்றுவிட்டார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பது போல, கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு. டிக்கெட் எடுத்த பிறகு பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று காட்டினேன். ஒன்றரை மணி நேரமும் உட்காரவே இல்லை.

செம்பனைக்காரன்
உங்களுக்காவது இரண்டு பெயர். எனக்கு மாட்ரிட்டில் நான்கு: ஆவே, ஆவ்லோ, ஊய்கோ, இர்யோ. முதல் இரண்டும் அரசாங்கக் கம்பெனியான ரென்ஃபேயுடையவை. பார்சலோனாவுக்கு எல்லாமே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான் என்பதால் மலிவாக இருந்த ஒன்றை எடுத்தேன். பெரிய பைக்குத் தனிக் காசு என்பதை நான் படிக்கவில்லை. விமான நிலையம் போல அங்கே பையை எக்ஸ்ரேயில் வேறு விட வேண்டும். அத்தனை பேர் நடந்து போகும் இடத்தில் என் மனைவி தரையில் உட்கார்ந்து, புடவைகளை எடுத்துப் பிள்ளைகளின் பள்ளிப் பையில் திணித்தாள். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மலிவு டிக்கெட் பக்கமே போகாதீர்கள்.

கிராணி
தம்பி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மலிவு டிக்கெட்டில் தப்பே இல்லை, பை அளவைப் பார்க்காததுதான் தப்பு. நானும் ஒருமுறை மிலானில் ரொகொரெதோ நிலையத்தில் இறங்கிவிட்டு, முக்கிய நிலையமான சென்ட்ராலே என்று நினைத்துக் குளிரில் ஹோட்டலைத் தேடியவன். அதனால் சொல்கிறேன்.

நம் மலேசியாவில் ஈடிஎஸ் விரைவு ரயில் என்றால் கேடிஎம் கம்பெனி மட்டும்தான். வந்த ரயிலில் ஏறிப் பழகிவிட்டோம். இத்தாலியில் 2012 ஏப்ரலில் இத்தாலோ ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரே தண்டவாளத்தில் இரண்டு கம்பெனி. இரண்டும் 300 கிலோமீட்டர் வேகம் போகும், நிற்காத ரயில் என்றால் ரோம் - மிலான் சுமார் மூன்று மணி நேரம். ஆகவே வேகத்தை வைத்து யோசிக்கவே வேண்டாம். எந்த நிலையம், எத்தனை மணி, டிக்கெட்டை மாற்ற முடியுமா, இவைதான் முக்கியம். ரோமில் டெர்மினி வேறு, திபுர்த்தினா வேறு. ஃபிரெச்சாரோசாவை ஓட்டும் டிரெனித்தாலியாவின் செயலியில் இத்தாலோ வராது, இரண்டையும் தனித்தனியாகத் திறந்து விலையைப் பாருங்கள். சீக்கிரம் எடுத்தால் நிறைய வெள்ளி மிச்சமாகும், ஆனால் ரொம்ப மலிவானதை மாற்ற முடியாமல் போகலாம். பிளாட்பாரம் எண்ணைக் கடைசி நேரத்தில்தான் பலகையில் போடுவார்கள். அப்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், ரயில் எண்ணைப் பாருங்கள். டிக்கெட்டிலும் அதே எண் இருக்கும். அப்புறம், வயதானவர்களோடு போகிறவர்கள் இரண்டு ரயிலுக்கு நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

தோட்டத்து மகள்
கிராணி ஐயா, ரயில் எண் விஷயம் இப்போது மனப்பாடம். நான் கேட்க வந்தது வேறு. அம்மா ஏன் உட்காரவில்லை என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. போன வாரம் ஈபோவுக்கு ஈடிஎஸ்ஸில் போனோம். இறங்கும் வரை டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருந்தார், வியர்வையில் அது சுருண்டுபோயிருந்தது.