பல்லிலும் சிக்கக் கூடாது, கையையும் கடிக்கக் கூடாது: அப்படி ஒரு ஜாம் பெங்களூருவில் எது?

அல்சூர் மருமகள்:

என் மாமனாருக்கு 78 வயது. போன மாதம்தான் மேலும் கீழுமாக முழுப் பல்செட் போட்டுக்கொண்டார். காலையில் அவருக்கு ரொட்டிதான் வேண்டும். ஓரத்தை வெட்டி நீக்கிய இரண்டு துண்டு, மேலே ஜாம், பக்கத்தில் காபி. நாற்பது வருடப் பழக்கம். இட்லி ஆவி பறக்க முன்னால் நின்றாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

இதுவரை மூன்று பாட்டில் வாங்கிவிட்டேன். முதலாவது ஸ்ட்ராபெரி. அதன் விதை ஒன்று கீழ்ச் செட்டுக்கு அடியில் புகுந்து ஈறில் குத்திவிட்டது. செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டவர், மாலை வரை யாரோடும் பேசவில்லை. இரண்டாவது அன்னாசி. நார் நாராக இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது, கடைக்காரர்களே தங்கள் பெயர் போட்டு விற்கும் மிக்ஸட் ஃப்ரூட். 500 கிராம் 110 ரூபாய். முதல் வாரம் வெண்ணெய் மாதிரி இருந்தது. அப்பாடா என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் நறநறவென்று ஆகிவிட்டது. "ஜெல்லி வாங்கப் போன இடத்தில் ஜல்லி வாங்கி வந்திருக்கிறாயே அம்மா" என்கிறார் மாமனார்.

சூப்பர் மார்க்கெட்டில் விற்பனைப் பையனிடம் "ஸ்மூத்தாக இருக்க வேண்டும்" என்று சொன்னேன். அந்தச் சொல் வேர்க்கடலை வெண்ணெய்ப் பாட்டிலில்தான் அச்சடித்திருக்கிறதாம். அதையே எடுத்து நீட்டினான். வெளிநாட்டு ஜாம் பாட்டில்களின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். 500 கிராம் 150 ரூபாய்க்குள், விதை, நார், திப்பி, மணல் எதுவும் இல்லாத ஜாம் எது? வீட்டில் கிடக்கும் மூன்று பாட்டிலுக்கும் ஏதாவது விமோசனம் உண்டா?

லேபிள் வாசகன்:

வாங்குவதற்கு முன் மூன்றாவது பாட்டிலைப் பார்ப்போம். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நறநறப்பது பழமா, சர்க்கரையா? அந்தக் குறுணையை மட்டும் அரைக் கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுக் கலக்குங்கள். கரைந்துபோனால் சர்க்கரை. அடியில் தங்கினால் பழத்தின் திப்பி.

ஜாலஹள்ளி பெரியவர்:

78 வயதில் தினமும் ஜாமா? பாதி பாட்டில் சர்க்கரைதானே. ராகிக் கஞ்சி கொடுங்கள். பல்லே தேவைப்படாது.

அல்சூர் மருமகள்:

பெரியவருக்கு: ஐயா, அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது, மருத்துவரும் தடை சொல்லவில்லை. ராகிக் கஞ்சியை நான் கொடுத்துப் பார்க்காமலா இருப்பேன்? வந்து நீங்களே ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள்.

லேபிள் வாசகன் அவர்களுக்கு: ஃப்ரிட்ஜ் கதவில்தான் வைத்திருக்கிறேன். குறுணை வெந்நீரில் முழுவதும் கரைந்துவிட்டது. பாட்டிலின் வாய்ப்பக்கமும் கற்கண்டு ஒட்டினாற்போல் பொரிந்திருக்கிறது.

லேபிள் வாசகன்:

அப்படியானால் பழத்தின் மேல் தப்பில்லை. ஜாங்கிரிப் பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சம்பழம் பிழிவோமே, அதே கதைதான். புளிப்போடு சேர்ந்து கொதிக்கும்போது சர்க்கரை குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். பிரிந்த சர்க்கரை கலந்து நிற்கும் பாகு எளிதில் கட்டிக்கொள்ளாது. ஜாமில் இந்த வேலையைப் பழத்தின் புளிப்பும் சிட்ரிக் அமிலமும் செய்கின்றன. லேபிளில் 330 என்று போட்டிருப்பது அந்த அமிலம்தான். கொதி போதாமலோ புளிப்புக் குறைந்தோ போனால் பிரியாத சர்க்கரை நிறைய மிச்சமிருக்கும். குளிர் பட்டதும் அது வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். மூடி சரியாக இறுகாவிட்டால் மேல்பக்கத்து ஈரம் வற்றி, வாய்ப்பக்கம்தான் முதலில் பூக்கும்.

பாட்டில் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? கண்ணாடியானால் முதலில் வெளியே எடுத்து வைத்துக் குளிர் விடச் செய்யுங்கள். பிறகு மூடியைத் தளர்த்தி, கை பொறுக்கும் சூட்டு நீரில் நிறுத்தி, நீரை மெல்லச் சூடாக்கி, இடையிடையே கிளறுங்கள். குளிர்ந்த கண்ணாடியைச் சட்டென்று கொதிநீரில் வைத்தால் விரிசல் விடும். பிளாஸ்டிக்கானால் ஜாமை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குறுணை கரைந்ததும் இறக்கிவிடலாம். திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைக்கும்படி லேபிள் சொன்னால் அப்படியே வையுங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும், நனையாத கரண்டியால், அரைமணி முன்பாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தால் போதும்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. பாட்டிலின் முன்பக்கத்துப் படத்தை நம்பாதீர்கள். ஸ்ட்ராபெரி படம் போட்ட மிக்ஸட் ஃப்ரூட்டைத் திருப்பிப் பார்த்தால் பப்பாளி, வாழை, ஆப்பிள், பேரி என்று ஓடும். உங்கள் மாமனாருக்கு வேண்டியதும் அதுதான். இவையெல்லாம் அரைத்தால் கூழாகும் பழங்கள். விதையும் இல்லை, நாரும் இல்லை என்றே சொல்லலாம். எடை அதிகமுள்ள பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே 'பழக்கூழ்' என்று தொடங்குகிறதா, 'சர்க்கரை' என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். 'பழத் துண்டுகள்' என்று எங்காவது இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஜாம் என்று பெயர் போட்டால் 45 சதவீதப் பழம் இருந்தாக வேண்டும். ஸ்ட்ராபெரிக்கும் ராஸ்பெரிக்கும் மட்டும் 25 போதும். கரைந்த திடப்பொருள் குறைந்தது 65 சதவீதம் இருக்க வேண்டும்; அதில் பெரும்பங்கு சர்க்கரை. மலிவான ஜாமுக்கும் இதே விதிதான்.

விலைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் எவ்வளவு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் 110 ரூபாய் பாட்டில் கிராமுக்கு 22 பைசா. அதே அலமாரியில் 200 கிராம் 75 ரூபாய் என்று சிரித்துக்கொண்டு நிற்கும் குட்டிப் பாட்டிலுக்கு 37 பைசாவுக்கு மேல் ஆகிறது.

காக்ஸ் டவுன் மாமி:

இவ்வளவு எதற்கு அம்மா? கொய்யா ஜெல்லி செய்து கொடு. ஜாமில் பழக்கூழே இருக்கும். ஜெல்லி வடிகட்டிய சாறு மட்டும். கண்ணாடி மாதிரி நிற்கும், பல்லுக்கு வேலையே இல்லை. கொய்யாவில் சாற்றை உறைய வைக்கும் பெக்டின் தாராளம், தனியாகப் பொடி எதுவும் வேண்டாம். ஒரு கிலோ கொய்யாவைத் துண்டு போட்டு, மூழ்க நீர் விட்டுக் குழைய வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிடு. துணியைப் பிழிந்துவிடாதே, சாறு கலங்கிப்போகும். ஒரு கப் சாற்றுக்கு முக்கால் கப் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை. கரண்டியிலிருந்து சொட்டாமல் தகடாக விழும்போது இறக்கு.

அல்சூர் மருமகள்:

மாமி, படிக்கும்போதே நாவில் நீர் ஊறுகிறது. ஆனால் காலை ஏழரைக்கு ஒயிட்ஃபீல்டு பஸ் பிடிக்கிறவள் நான். துணி கட்டித் தொங்கவிட எங்கள் சமையலறையில் ஆணிகூட இல்லை. தீபாவளி விடுப்பில் நிச்சயம் செய்கிறேன்.

ஸ்ரீராமபுரம் பேக்கரி வீட்டுப் பிள்ளை:

அக்கா, மாமனார் எப்போதாவது ஐயங்கார் பேக்கரி ஹனி கேக் சாப்பிட்டிருப்பாரே? மேலே சிவப்பாக, கண்ணாடி மினுமினுப்போடு ஒரு பூச்சு இருக்கும். அதன்மேல் தேங்காய்த் தூள். அந்தப் பூச்சில் விதையோ திப்பியோ பார்த்ததுண்டா? இத்தனைக்கும் அது சாதாரண மலிவு மிக்ஸட் ஃப்ரூட் ஜாம்தான். அப்பா ஐயங்கார் பேக்கரி ஒன்றில் இருபது வருடம் அடுப்படியில் நின்றவர். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன்.

பெரிய டப்பாவிலிருந்து ஜாமை அடிகனமான பாத்திரத்தில் கொட்டுவார். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சிறு தீயில் வைத்து மரக்கரண்டியால் மசிப்பார். முதலில் கட்டி கட்டியாக முரண்டு பிடிக்கும். பிறகு திடீரென்று இளகி, ஓரத்தில் சின்னக் கொப்புளங்கள் விடும். அந்த நேரத்தில் இறக்கி, சூடு ஆறுமுன் சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்ப்பார். கீழே பட்டு மாதிரி இறங்கும். மேலே தங்கியதை வழித்து ஒரு ரொட்டி ஓரத்தில் தடவி எனக்குக் கொடுத்துவிடுவார்.

வீட்டுக்கு அளவு: 200 கிராம் ஜாமுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். சல்லடைக் கண் விதையை விடப் பொடியாக இருக்க வேண்டும். டீ வடிகட்டி விதையைப் பிடிக்கும். ஆனால் சின்னதாக இருப்பதால் கை ஓய்ந்துவிடும். புளி வடிக்கும் அகலமான எஃகுச் சல்லடையில் கண் நெருக்கமாக இருந்தால் அதுவே நல்லது. ஒருமுறை உறைந்த ஜாமை உடைத்துவிட்டால் பழையபடி இறுகாது. சற்றுத் தளர்வாகவே நிற்கும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே! தண்ணீர் சேர்ப்பதால் அதிக நாள் தாங்காது. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஸ்ட்ராபெரி பாட்டில் இதில் பிழைத்துக்கொள்ளும். அன்னாசியோடு மல்லுக்கட்டாதீர்கள், நார் சல்லடைக் கண்களை அடைத்துவிடும்.

ஜாலஹள்ளி பெரியவர்:

2025 செப்டம்பர் 22 முதல் ஜாமுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வாங்கும்போது அதையும் கவனித்துக்கொள்ளுங்கள் அம்மா. கஞ்சி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

அல்சூர் மருமகள்:

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்துவிட்டேன்.

மூன்றாம் பாட்டில் பிளாஸ்டிக். ஜாமைச் சின்னக் குண்டானுக்கு மாற்றி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறினேன். பத்து நிமிடத்தில் நறநறப்பு போன இடம் தெரியவில்லை. இன்று ஐந்தாம் நாள்; இன்னும் பூக்கவில்லை.

ஸ்ட்ராபெரியைத் தம்பி சொன்னபடி சூடாக்கித் தேய்த்தேன். முதலில் ஆறவிட்டு ஊற்றியது தப்பு. சல்லடையிலேயே சிலையாக நின்றுகொண்டது. மறுபடி சூடாக்கியபின் இறங்கியது. அடியில் தங்கிய விதைகளை ஒரு தட்டில் வைத்து மாமனாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடுகு பொறுக்குகிறவர் மாதிரி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "இத்தனையும் என் வாய்க்குள்ளா போயிற்று?" என்றார். மறுநாள் மூன்றாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புதிதாக ஒரு மிக்ஸட் ஃப்ரூட்டும் வாங்கினேன். பப்பாளிக்கூழ், வாழைக்கூழ் போட்டது, 500 கிராம் 140 ரூபாய், கிராமுக்கு 28 பைசா. திறந்து பார்த்ததில் சல்லடைக்கே வேலை இல்லை. விற்பனைப் பையன் என்னைப் பார்த்ததும் வேர்க்கடலை வெண்ணெய் இருக்கும் பக்கம் கை காட்டினான்.

அன்னாசி பாட்டில் அப்படியே இருக்கிறது. முக்கால் பாகம் மிச்சம். நல்ல பல் இருக்கிறவர்கள் யாராவது அல்சூர் ஏரிப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம்.