பிரஜ்னேஷ் குணேஸ்வரன்: 75ஆம் இடம் வரை ஏறிய தரவரிசை ஏன் அவ்வளவு சீக்கிரம் இறங்கியது?

பேஸ்லைன்_பாலா:
எல்லாருக்கும் வணக்கம். டென்னிஸ் பழகுற பசங்களுக்காக நம்ம சென்னை ஆட்டக்காரர் பிரஜ்னேஷ் பற்றி ஒரு குறிப்பு எழுதிட்டு இருக்கேன். 2019 ஏப்ரல் 22 அன்று ஒற்றையர் தரவரிசையில் 75ஆம் இடம். அந்த வருஷம் நாலு கிராண்ட்ஸ்லாமிலும் (டென்னிஸின் நாலு பெரிய போட்டிகள்) மெயின் டிராவில், அதாவது முதன்மைச் சுற்றில் ஆடினார். ஆனா 2020 ஆஸ்திரேலிய ஓபனுக்கு மறுபடியும் தகுதிச் சுற்றில் இறங்கி, அதிலும் தோத்து, வேற ஒருத்தர் விலகின இடத்துல லக்கி லூசராகத்தான் உள்ளே போக முடிஞ்சது. இடையில அவர் ஆடாம இருந்துடலையே? மாதாமாதம் களத்துலதான் இருந்தார். ஒன்பது மாசத்துல இவ்வளவு இறக்கம் எப்படி வருது? கணக்கு தெரிஞ்சவங்க விளக்கினா நல்லா இருக்கும்.

டிராப்ஷாட்:
பாலா, அவர் ஆட்டம் திடீரென்று கெட்டுப்போகவில்லை. 52 வாரக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் முழுக்கதையும் புரியும். ஒரு போட்டியில் எடுத்த புள்ளி சரியாக ஒரு வருடம் கணக்கில் இருக்கும், 53ஆவது வாரம் கழியும். அதே அளவு புள்ளி புதிதாக வராவிட்டால் இறங்கத்தான் வேண்டும்.

அவருடைய மூலதனம் 2018இல் சேர்ந்தது. ஏப்ரல் கடைசியில் சீனாவின் அன்னிங் சேலஞ்சர் (பெரிய போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ள தொழில்முறைப் போட்டி), நவம்பரில் பெங்களூரு சேலஞ்சர், இரண்டிலும் கோப்பை. இரண்டும் ஒன்றரை லட்சம் டாலர் போட்டிகள், சாம்பியனுக்குத் தலா 125 புள்ளி. கிராண்ட்ஸ்லாமில் இரண்டு ஆட்டம் ஜெயித்து மூன்றாம் சுற்றில் தோற்றால் கிடைப்பது 90தான். ஒரு பெரிய சேலஞ்சர் கோப்பை அதையும் தாண்டுகிறது.

இதற்கு மேல் 2019 மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டி சேர்ந்தது. தகுதிச் சுற்றைத் தாண்டி, பெனுவா பேரை வீழ்த்தி, அப்போது முதல் 20க்குள் இருந்த பசிலஷ்விலியையும் வீழ்த்தி, மூன்றாம் சுற்றில் கார்லோவிச்சிடம் தோற்றார். மூன்றாம் சுற்றுக்கு 45, தகுதி பெற்றதற்கு 16, ஆக 61.

இப்போது தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 22ஆம் தேதிக் கணக்கில் அன்னிங் 125 இன்னும் இருக்கிறது. அதிலிருந்து சில நாளில் அது கழிகிறது. 2018 இலையுதிர் காலப் புள்ளியும், 2019 வசந்தகாலப் புள்ளியும், கழியப்போகும் அன்னிங் புள்ளியும் ஒரே நேரத்தில் கணக்கில் நின்ற வாரம் அது. நவம்பரில் இன்னொரு அடி. பெங்களூரு போட்டி அந்த மாதம் நடக்கவில்லை, 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. போட்டியே இல்லாவிட்டாலும் பழைய 125 காத்திருக்காது.

இடையில் பெரிய மேடைகளில் வந்தது எவ்வளவு? ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்று வழியாக வந்து முதல் சுற்றில் தியாஃபோவிடம் தோற்றபோது 25+10, மொத்தம் 35. பிறகு தரவரிசை உயர்ந்து நேரடி இடம் கிடைத்தது. பிரெஞ்சு ஓபனில் டெல்லியன், விம்பிள்டனில் ராவ்னிச், அமெரிக்க ஓபனில் மெத்வதேவ். மூன்றிலும் முதல் சுற்றுத் தோல்வி, தலா 10. வெளியிலிருந்து முட்டி மோதி வந்தபோது ஒரே போட்டியில் கிடைத்தது 35. தரவரிசையை வைத்து நேராக உள்ளே போன மூன்று போட்டிகளும் சேர்ந்து 30.

இதைவிட வலிக்கிற விதி ஒன்று உண்டு. அன்றைய கணக்கில் 18 போட்டிகளின் புள்ளிதான் சேரும். கிராண்ட்ஸ்லாமில் நேரடி இடம் கிடைத்துவிட்டால், அந்த 10 புள்ளி அந்த 18இல் ஒரு இடத்தைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளும். குறைவாக இருக்கிறது என்று விலக்கிவிட்டு ஒரு சேலஞ்சர் அரையிறுதியை அங்கே வைக்க முடியாது.

வலைப்பந்து_வரதன்:
டிராப்ஷாட் சொன்னதோடு, யாருக்கு யார் எதிராளி என்று முடிவு செய்யும் குலுக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராண்ட்ஸ்லாமில் 128 பேரில் தரவரிசையில் மேலே உள்ள 32 பேர் தரநிலை பெற்றவர்கள், முதல் சுற்றில் ஒருவரோடொருவர் மோத மாட்டார்கள். மீதி 96 பேரில் 32 பேர் அவர்களிடம் மாட்டியே ஆகவேண்டும். மூன்றில் ஒரு வாய்ப்பு. பிரஜ்னேஷுக்கு விம்பிள்டனிலும் நியூயார்க்கிலும் அடுத்தடுத்து அப்படியே விழுந்தது. அந்த மெத்வதேவ் அந்த அமெரிக்க ஓபனில் இறுதி ஆட்டம் வரை போனவர்.

அப்படியானால் சேலஞ்சரே ஆடியிருக்கலாமே என்று கேட்பவர்கள் பணத்தைப் பார்ப்பதில்லை. 2019இல் முதல் சுற்றில் தோற்றாலே பிரெஞ்சு ஓபனில் 46,000 யூரோ, விம்பிள்டனில் 45,000 பவுண்டு, அமெரிக்க ஓபனில் 58,000 டாலர், வரி போவதற்கு முன். அடிமட்டத்தில் உள்ள 15,000 டாலர் போட்டியில் சாம்பியனுக்கே 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு 156. அதற்குள் விமானம், அறை, சாப்பாடு, ராக்கெட் நரம்பு. பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு போனால் அவர் செலவும் ஆட்டக்காரர் தலையில்தான். அந்த மட்டத்தில் வருடக்கணக்காகக் கைக்காசு போட்டு ஆடியவர், 29 வயதில் முதன்முறையாகக் கிராண்ட்ஸ்லாம் கதவு திறக்கும்போது போகாமல் இருப்பாரா? போனதுதான் சரி. அந்த வருமானம்தான் பயிற்சியாளரையும் உடற்பயிற்சி நிபுணரையும் கூடவே வைத்துக்கொள்ள வழி செய்யும்.

பேஸ்லைன்_பாலா:
ரொம்ப நன்றி, இப்போ தெளிவாகுது. இன்னும் ரெண்டு சந்தேகம். 2020 நவம்பர்ல அமெரிக்காவுல கேரி, ஒர்லாண்டோ ரெண்டு சேலஞ்சர்லயும் இறுதிக்குப் போனாரே, அப்புறமும் ஏன் நூறுக்குள்ள திரும்ப முடியலை? இன்னொரு சென்னை ஆட்டக்காரர் ராம்குமார் ராமநாதன் 2018ல தரவரிசையில 111 வரைக்கும் போயும் கிராண்ட்ஸ்லாம்ல நேரடி இடம் கிடைக்காததுக்கும் இதே காரணம்தானா?

டிராப்ஷாட்:
முதல் கேள்விக்குப் பதில் கொரோனா. 2020 மார்ச்சில் தரவரிசையை நிறுத்தி வைத்தார்கள், ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியபோது பழைய புள்ளி கழியாமல் இருக்க ஏற்பாடு செய்தார்கள். ஆடாதவர்களுக்கு அது பாதுகாப்பு. கீழே இருந்து ஏறுகிறவர்களுக்கு அதுவே சுவர். மேலே இருப்பவர்கள் வழக்கம்போல் இறங்கியிருந்தால் இரண்டு இறுதிப் போட்டிகளுக்குக் கிடைத்திருக்கும் ஏற்றம் பெரியது. யாரும் இறங்காதபோது அதே புள்ளிக்குக் கொஞ்ச இடம்தான் நகர முடியும்.

வலைப்பந்து_வரதன்:
ராம்குமார் விஷயம் வேறு. அது காலண்டர் பிரச்சினை. 128இல் 104 இடம் தரவரிசைப்படி, 16 தகுதிச் சுற்றுக்கு, 8 வைல்டு கார்டுக்கு (அமைப்பாளர்கள் விருப்பப்படி தரும் இடம்). அந்த 104 பேரின் பட்டியலைப் போட்டி தொடங்கும் நாளன்று எடுப்பதில்லை, ஆறு வாரம் முன்பே எடுத்துவிடுவார்கள். 2018 அமெரிக்க ஓபன் ஆகஸ்ட் 27இல் தொடங்கியது, ஆறு வாரம் பின்னால் போனால் ஜூலை 16. ராம்குமார் அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியில் ஸ்டீவ் ஜான்சனோடு இறுதி ஆட்டம் ஆடியது ஜூலை 22. ஒரு வாரம் தாமதம்! அந்தப் புள்ளியோடு 111ஐத் தொட்டபோது பட்டியல் ஏற்கெனவே மூடியாகிவிட்டது. அந்த 104 பேரில் யாராவது விலகினால் அடுத்தவருக்கு இடம் வரும், ஆனால் அந்த வரிசையும் பழைய தேதித் தரவரிசைப்படிதான்.

உங்கள் பசங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். எந்த வாரம் ஆடுகிறோம் என்பதை இலக்குப் போட்டியின் பட்டியல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி முடிவு செய்யவேண்டும்.

ஸ்லைஸ்_செல்வி:
தாமதமாக வருகிறேன். இரண்டு பேரும் 2018க்குப் பிறகு உள்ளதைத்தான் சொன்னீர்கள். பாலா அண்ணா, குறிப்பில் அதற்கு முந்தைய வருடங்களும் வரவேண்டும். 2010இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர் முதல் நூறுக்கு ஏன் 2019 வரை காத்திருந்தார் என்பதற்குக் காரணம் முழங்கால். எலும்பில் திரும்பத் திரும்ப நுண்முறிவு, அதில் பல வருடம் போயிற்று.

ஒரே அடியில் எலும்பு முறிவது வேறு, இது வேறு. ஓடி நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் எலும்பில் மிக நுண்ணிய சேதம் விழும், ஓய்வில் உடல் அதைச் சரிசெய்யும். சரியாகும் வேகத்தைவிடச் சுமை வேகமாகக் கூடினால் கீறல் விழுகிறது. கடினத் தரையில் ஆட்ட நேரத்தைத் திடீரென்று ஏற்றுவது, காலுக்குப் போதிய வலு இல்லாமல் ஆடுவது இரண்டும் ஆபத்து. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். ஆடும்போது மட்டும் இருந்த வலி, நடக்கும்போதும் இரவிலும் வர ஆரம்பித்தால் அன்றே நிறுத்தவேண்டும்.

இன்னொன்று, பாதுகாக்கப்பட்ட தரவரிசை. ஆறு மாதத்துக்கு மேல் காயத்தால் ஒதுங்கினால் பழைய தரவரிசையை வைத்துச் சில போட்டிகளில் நுழையலாம். ஆனால் அது நுழைவதற்கு மட்டும், புள்ளியைத் திருப்பித் தராது. 80ஆம் இடத்தில் காயம் பட்டவருக்குத் திரும்பி வந்ததும் கிராண்ட்ஸ்லாம் கிடைக்கும். முன்னூறுக்குக் கீழே இருக்கும்போது பட்டவருக்கு அதே விதி சின்னப் போட்டிகளைத்தான் திறந்துவிடும். பிரஜ்னேஷ் திரும்பத் திரும்ப அடியிலிருந்தே ஏறவேண்டி வந்தது. ஜெர்மனியில் ஓஃபன்பாக்கிலுள்ள வாஸ்கே அகாடமியில் பயிற்சியைத் தொடர்ந்துதான் 2018க்கு வந்து சேர்ந்தார். அந்த வருடமே ஆசிய விளையாட்டில் வெண்கலம், ஸ்டுட்கார்ட் புல்தரையில் ஷபவலோவை வீழ்த்தியது எல்லாம். 2024 நவம்பரில் 35 வயதில் ஓய்வு அறிவித்தார். அன்னிங்கிலிருந்து அமெரிக்க ஓபன் வரை அவருடைய உச்சம் பதினாறு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. குறிப்பில் பாதி இடத்தையாவது அதற்கு முந்தைய எட்டு வருடத்துக்குக் கொடுங்கள்.