பொதி வந்திருப்பதாகச் சொன்ன குறுஞ்செய்தி

மாங்குளம் பெரியம்மா: பிள்ளைகள், எனக்கு வந்த பொதியின் முகவரி பிழை என்றும் 95 ரூபா கட்டினால்தான் அதைக் கொண்டுவந்து தருவார்கள் என்றும் ஒரு குறுஞ்செய்தி வந்தது. தங்கச்சி அனுப்பிய பெட்டியாக இருக்கும் என்று எண்ணி, அதில் கேட்டபடி வங்கி அட்டையின் விபரங்களைப் பதிந்தேன். இப்போது ஆறு இலக்கங்களோடு இன்னொரு செய்தி வந்திருக்கிறது. அதையும் பதிய வேண்டுமா?

வவுனியா தம்பி: வேண்டாம் பெரியம்மா. அந்த ஆறு இலக்கங்களை எங்கும் பதியாதீர்கள், இந்தக் குழுவிலும் போடாதீர்கள். செய்தியில் எவ்வளவு தொகை என்று இருக்கிறது?

மாங்குளம் பெரியம்மா: 420 என்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஈ, யூ, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன.

வவுனியா தம்பி: அது யூரோ. 95 ரூபா என்று சொன்னவர்கள் 420 யூரோவை எடுக்கப் பார்க்கிறார்கள். ஓ.டி.பி. செய்தியில், அதாவது காசு எடுக்க வங்கி ஒருமுறை மட்டும் பயன்படுத்த அனுப்பும் இரகசிய இலக்கம் வரும் செய்தியில், இலக்கத்தை மட்டும் பார்க்காமல் தொகையையும் கடையின் பெயரையும் வாசிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அட்டை இலக்கமும் முடிவுத் திகதியும் பின்புறத்து மூன்று இலக்கங்களும் அவர்களிடம் போய்விட்டதால், ஓ.டி.பி. கேட்காத வெளிநாட்டு இணையக் கடையொன்றில் அவற்றை இனியும் பயன்படுத்தக்கூடும். உடனே அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு அழைத்து அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். இணையத்தில் தேடி எடுக்கும் இலக்கம் போலியாக இருக்கலாம்.

கனடா சித்தி: அக்கா, நான் பெட்டி எதுவும் அனுப்பவில்லை. அனுப்பினால் முதலில் இந்தக் குழுவில்தான் சொல்வேன்.

மல்லாவி மாமா: போன கிழமை வங்கியில் இருந்து என்று ஒருவர் அழைத்து, வெளிநாட்டுக் காசு வந்திருப்பதாகவும் அதை வரவு வைக்க ஓ.டி.பி. வேண்டும் என்றும் சொன்னார். என் முழுப்பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

வவுனியா தம்பி: நல்ல காரியம் செய்தீர்கள், மாமா. நமக்குக் காசு வருவதற்குக் கணக்கு இலக்கம் போதும். அட்டை இலக்கத்தையோ ஓ.டி.பி.யையோ ஒருவர் கேட்டால், அவர் நம் பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னாலும், காசை வெளியே எடுக்கத்தான் கேட்கிறார். வன்னியில் எத்தனையோ வீடுகள் வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்திருப்பதால் இந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. இன்னொன்றும் எனக்குப் பெரிய கவலை: ஓய்வூதியம் எடுக்கும் நாளில் முதியவர்கள் ஏ.டி.எம். வரிசையில் நிற்கும் யாரோ ஒரு பிள்ளையிடம் அட்டையைக் கொடுத்து, அதன் இரகசிய இலக்கத்தையும் (PIN) உரக்கச் சொல்கிறார்கள். வீட்டுப் பிள்ளை ஒருவர் கூடப் போனால் இது நடக்காது.

மாங்குளம் பெரியம்மா: வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்திவிட்டேன். காசு எதுவும் போகவில்லை என்றார்கள். புதிய அட்டைக்கு நாளை கிளிநொச்சிக் கிளைக்கு வரச் சொன்னார்கள்.

வவுனியா தம்பி: அழைத்த நேரத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்து வையுங்கள். புதிய அட்டையில் இணையக் கொள்வனவையும் வெளிநாட்டுப் பாவனையையும் நிறுத்திவைக்க முடியுமா என்று கிளையில் கேளுங்கள். எந்தக் கைபேசி இலக்கம் பதிவில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். போலிச் செய்தியைப் பற்றி 101 என்ற இலக்கத்தில், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். வங்கி முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அட்டை மோசடிக்கென்றே 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஆகவே பொலிஸுக்குப் போகத் தயங்க வேண்டாம்.

மல்லாவி மாமா: அக்கா, காலையில் நான் வந்து கூட்டிச் செல்கிறேன். அடையாள அட்டையையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள், அந்த இரண்டு செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.