ஆறாம் வகுப்புக்கு ஆர்.கே.புரம் பக்கம் எந்தப் பள்ளி?

டெல்லி முனிர்காவில் இருக்கிறோம். மகள் மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாவது. அங்கே அதோடு சரி, ஆறாவதுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

ஆர்.கே.புரம் டிடிஇஏ (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிதான் என் முதல் விருப்பம், அங்கே தமிழ் ஒரு பாடமாகவே உண்டு. பாட்டிக்கு அவள் எழுதிய கடிதத்தில் ‘ழ’ வரும் இடமெல்லாம் இந்தி எழுத்து. பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. கேந்திரிய வித்யாலயா பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. என் கணவருக்குத் தனியார் வேலை. டெல்லி அரசின் சிஎம் ஸ்ரீ பள்ளி என்றால் நுழைவுத் தேர்வு.

பிள்ளைகளை இங்கெல்லாம் படிக்கவைத்தவர்கள் சொல்லுங்களேன்: ஆறு, ஏழாவதில் கணக்கும் அறிவியலும் எங்கே நன்றாக நடத்துகிறார்கள்? அப்புறம், தமிழ் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளையை டிடிஇஏவில் ஆறாவதில் சேர்த்தால் ஆசிரியர்கள் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்களா?